மார்லிஸை மூன்று முறை கேட்க வேண்டும்

மார்லிஸ் தோர்ஸ்டட்டுக்கு ஒரு கோப்பை காப்பி கொடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். "காப்பி வேணுமா?" என்று கேட்டால், "ஐயோ வேண்டாம், உனக்கு எதுக்குச் சிரமம்" என்பாள். "போட்டாச்சுடி, குடி" என்றால், "நீயும் குடிக்கிறதா இருந்தா பார்க்கலாம்" என்பாள். மூன்றாவது தடவை கோப்பையை அவள் மேசையில் டொக்கென்று வைத்தால்தான், "சரி, அப்போ ஒரு வாய்" என்று எடுப்பாள். எடுத்தால் ஒரு சொட்டு மிச்சம் இருக்காது.

இது நோர்பி ஊரின் வழக்கம். இங்கே பாதிப்பேரின் பாட்டன் பூட்டன்கள் நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்தவர்கள். கேட்டவுடனே சரி என்று சொல்கிறவனைப் பேராசைக்காரன் என்று நினைக்கிற ஜனம் இது. எங்கள் கிளினிக் ஓய்வறையில் யாராவது எலுமிச்சைக் கேக் கொண்டுவந்து வைத்தால், கடைசித் துண்டை ஒருத்தரும் எடுக்கமாட்டார்கள். பாதி வெட்டுவார்கள், அந்தப் பாதியில் பாதி வெட்டுவார்கள். விரல் நகம் அளவுக்கு ஆன பிறகும் அது தட்டிலேயே கிடக்கும். நான்தான் போய் அதற்கு ஒரு முடிவு கட்டுவேன்.

நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் இல்லை. பெயர் டோரீன், போலந்து வம்சத்துப் பெண், வாக்கப்பட்டு இங்கே வந்தவள். எங்கள் வீட்டில் தட்டை நீட்டினால் எடுத்துக்கொள்வோம், வேண்டாமென்றால் வேண்டாம், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் மாமியார் ஒரு தடவை கேட்டதுமே கடைசித் துண்டு ஆப்பிள் கேக்கை எடுத்துச் சாப்பிட்டுவிட்டேன். அந்தப் பேச்சு சர்ச் சமையலறையில் எத்தனை வருஷம் ஓடியது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

மார்லிஸ் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது மேல்படிப்புப் படித்த நர்ஸ். நோர்பி கிளினிக்கில் டாக்டர் கிடையாது. நோயாளியைப் பார்ப்பது, என்ன வியாதி என்று சொல்வது, மருந்து எழுதுவது எல்லாம் அவள்தான். நான் முன் மேசை. யார் எப்போது வருகிறார்கள், யார் வராமல் டிமிக்கி கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் என் பொறுப்பு. அவளுக்குச் சொந்தமாக ஒரு வைத்திய முறை இருந்தது. எதையும் மூன்று முறை கேட்பாள்.

ஒரு பெரியவர். எல்மர் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொன்னால் மார்லிஸ் என்னைத் தொலைத்துவிடுவாள். கல்யாணமே செய்துகொள்ளாத விவசாயி, பீட்ரூட் மாதிரி இருக்குமே, சர்க்கரைக் கிழங்கு, அதைப் பயிரிடுகிறவர். அவர் தானாக கிளினிக்குக்கு வந்தார் என்றாலே விஷயம் பெரிசு என்று அர்த்தம். அன்று நானே அவரை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தேன்.

"எப்படி இருக்கீங்க எல்மர்?" என்றாள் மார்லிஸ்.

"குறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா."

அவள் ரத்த அழுத்தம் பார்த்தாள். வயலில் ஈரம் காய்ந்துவிட்டதா என்று விசாரித்தாள். அவருடைய பூட்ஸைப் பார்த்தாள். கயிறு கட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. "மூச்சு எப்படி இருக்கு?" என்றாள்.

"பெரிசா ஒண்ணும் இல்ல. வயசாச்சுல்ல."

மார்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவசரமே இல்லாதவள் போலக் கேட்டாள். "எல்மர், ராத்திரி எங்க தூங்கறீங்க?"

அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார். "நாற்காலியிலதான். கட்டில்ல படுத்தா மூச்சு முட்டுது. கொஞ்ச நாளாவே."

படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்கிப் பூட்ஸ் கட்ட முடியவில்லை. இதயம் களைத்துப்போய்விட்டது. அதை அந்த மூன்றாவது பதிலில்தான் அவள் பிடித்தாள். எல்மர் இன்றைக்கும் டிராக்டர் ஓட்டுகிறார், என்னைப் பார்த்தால் சிடுசிடுக்கிறார்.

அந்தக் காலத்தில் எங்கள் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சட்டம் இருந்தது. இப்போது இல்லை. நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுத வேண்டுமானால், ஒரு டாக்டர் அவரோடு உடன்படிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எங்களுக்குப் போட்டுக்கொடுத்தவர் பக்கத்து ஊர் டாக்டர் லிண்ட். எப்போதாவது வருவார், கையெழுத்துப் போடுவார், தான் பிடித்த மீனின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் வந்து, செப்டம்பரில் அரிசோனாவுக்குக் குடிபோவதாகச் சொன்னார். முழங்கால் இனிமேல் குளிர் தாங்காதாம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவர் போன மறுநாள் மார்லிஸ் ஒரு ரத்த அழுத்த மாத்திரைகூட எழுத முடியாது. அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட ஒரு டாக்டரும் முன்வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லாரையும் நானே கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன்.

மாநிலம் முழுக்க எங்களைப்போல எத்தனையோ சின்ன கிளினிக்குகள். நர்ஸ் பிராக்டிஷனர்களின் சங்கம் அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது. மார்லிஸ் அதன் குழு ஒன்றில் நெடுநாளாக இருந்தாள். பனியில் மணிக்கணக்காக வண்டி ஓட்டிக்கொண்டு போய், பின்வரிசையில் உட்கார்ந்து, தீர்மானங்களைத் திருத்திக்கொடுத்துவிட்டு வருவாள். அந்த ஏப்ரலில் சங்கத் தலைவர் தேர்தல். தலைவராக வருகிறவர்தான் சட்டசபைக் குழு முன்னால் போய்ப் பேசுவார்.

ஜனவரியில் ஒரு நாள் எனக்குத் தொலைபேசி வந்தது. தேர்தல் குழுவிலிருந்து டெனிஸ் கார்வர் என்கிற அம்மாள். டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவர், எல்லாரையும் கண்ணு கண்ணு என்பார். நான் மார்லிஸுக்கு இணைப்புக் கொடுத்தேன். கதவு திறந்துதான் இருந்தது. இந்தப் பக்கம் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

"நானா? ஐயோ, இல்லீங்க. என்னைவிட நல்லாப் பண்றவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "நீங்க நினைச்சதே பெரிசு." மறுபடி ஏதோ சொன்னார்கள். "சரிங்க. வெச்சிடறேன்."

வெளியே வந்தவளின் முகம் சிவந்து பளபளத்தது. என்ன விஷயம் என்று என்னிடம் சொல்லவில்லை. அன்று முழுக்க வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்தாள்.

மறுநாளிலிருந்து தொடங்கியது வேடிக்கை. தொலைபேசி மணி அடித்தால் நோயாளியின் காதுக்குள் விளக்கைப் பிடித்திருந்தவள்கூடத் தலையைத் திருப்புவாள். மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவள் போகாமல் ஓய்வறையிலேயே டப்பாவைத் திறந்து உட்கார்ந்தாள். "யாராவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்பாள். "மருந்துக்கடைக்காரன்" என்பேன். "வேற?" என்பாள். "உன் வீட்டுக்காரர். முட்டை வாங்கிட்டு வரச் சொன்னார்" என்பேன். இப்படியே பிப்ரவரி போனது. பிறகு ஒரு நாள் சங்கத்திலிருந்து வேட்பாளர் பெயரை எல்லாருக்கும் தெரிவித்தார்கள். ஒரே பெயர். கர்ட் லிண்டால், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்.

மார்லிஸ் அதைப் பார்த்துவிட்டு, "கர்ட் நல்ல மனுஷன்" என்றாள். அப்புறம் தடுப்பூசி அலமாரியை ஒழுங்குபடுத்தப் போனாள். அது ஒழுங்காகத்தான் இருந்தது.

பின்னாலேயே போனேன். "ஏண்டி, அந்தம்மா உன்னைக் கேட்டாங்களா இல்லையா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னேன்."

"நிஜமாவே வேண்டாமா?"

அவள் ஊசி மருந்துப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "ஒரு தடவைதான் கேட்டாங்க டோரீன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. "அவங்க டெக்சாஸ்காரங்கடி. நீ வேண்டாம்னா அவங்களுக்கு அது வேண்டாம். திரும்பக் கூப்பிட்டுக் கெஞ்சுவாங்கன்னு காத்திருந்தியா? எனக்குச் சொல்லியிருந்தா அன்னிக்கே நான் கூப்பிட்டிருப்பேனே. இப்பக் கூப்பிடறேன்."

"கூப்பிட்டேன்னா உன்கூடப் பேசமாட்டேன்" என்றாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது குறைவு. "நான் கூப்பிடச் சொன்ன மாதிரி இருக்கும். கர்ட் பேரு வந்தாச்சு. இனிமே போய் எனக்குக் குடு, எனக்குக் குடுன்னு நிக்கறதா?"

"அப்போ வழியே இல்லையா?"

"கூட்டத்துல கடைசியா ஒரு தடவை கேப்பாங்க. வேற பேரு உண்டான்னு. எழுந்து தன் பேரைத் தானே சொல்லலாம்னு விதி இருக்கு." இதைச் சொல்லும்போதே அவள் கழுத்துவரை சிவந்துவிட்டது. "அது எப்படி டோரீன் சொல்றது? எல்லார் முன்னாடியும் எழுந்து, நான்தான் வேணும்னு?"

பிரசவம் பார்ப்பவள், மாரடைப்பு வந்தவனோடு ஆம்புலன்ஸில் ஏறிப் போகிறவள், துப்பாக்கியோடு வந்த குடிகாரனை உட்காரவைத்து விரல் காயத்துக்குத் தையல் போட்டவள். அவளுக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை. அவள்மேல் எனக்கு இருந்த கோபம் அங்கேயே கரைந்துபோனது. ஊரின்மேல்தான் கோபம் வந்தது.

ஆண்டுக்கூட்டம் டுலூத் நகரத்தில், ஏரிக்கரை விடுதி ஒன்றில். ஏப்ரல் ஆகியும் சாலையில் பனிக்கட்டி. அவள் வீட்டுக்காரருக்கு விதை இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் வேலை இருந்ததால் நான் கூடப் போனேன். போகும் வழியெல்லாம் தேர்தலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. என் ரத்தக் கொழுப்பைப் பற்றி, என் நடைப்பயிற்சியைப் பற்றி, நான் நிறுத்தாத சிகரெட்டைப் பற்றி விலாவாரியாகப் பேசினாள். விடுதி அறையில் அவள் பெட்டியைத் திறந்தபோது பார்த்தேன். நீலக் கம்பளிச் சட்டையும், அவள் அம்மாவின் வெள்ளி ஊசிப் பதக்கமும். அதை அவள் மகன் கல்யாணத்துக்கு மட்டும்தான் வெளியே எடுத்திருக்கிறாள். பின்வரிசையில் உட்காரப் போகிறவளுக்கு அது எதற்கு?

மறுநாள் காலை கூட்டத்துக்கு முன்னால் எல்லாரும் காப்பி வாங்க நின்றார்கள். டெனிஸ் கார்வர் யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் சிவப்புக் கோட்டுப் போட்டவர் அவர் ஒருத்தர்தான். நான் நேரே போய் நின்றேன். பேசமாட்டேன் என்று மார்லிஸ் மிரட்டியது ஞாபகம் இருந்தது. பேசாவிட்டால் போகட்டும் என்று துணிந்துவிட்டேன்.

"மேடம், நான் நோர்பி கிளினிக் முன் மேசை, டோரீன். ஜனவரில மார்லிஸைக் கேட்டீங்களே."

"ஆமா கண்ணு. எனக்கு அவங்கதான் முதல் ஆள். ரொம்ப ஆசையா கூப்பிட்டேன், வேண்டாம்னுட்டாங்க. மனசுக்கு வருத்தம்தான், ஆனா ஒருத்தங்க வேண்டாம்னா வற்புறுத்தறது மரியாதை இல்லையே."

"அவ வேண்டாம்னு சொல்லலீங்க."

"என் காதால கேட்டேனே."

"அது முதல் வேண்டாம். எங்க ஊர்ல அதுக்கு ஒண்ணும் அர்த்தம் கிடையாது. காப்பிக்கும் அதான் சொல்லுவா." டெனிஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் விடவில்லை. "அவ தன்கிட்ட வர்றவங்களை ஒவ்வொண்ணையும் மூணு தடவை கேப்பா மேடம். முதல் பதில் மரியாதைக்கு. ரெண்டாவது வெக்கத்துக்கு. மூணாவதுலதான் நிஜ வியாதி வரும். எத்தனையோ பேரை அப்படித்தான் காப்பாத்தியிருக்கா. அவளை மட்டும் யாரும் ஒரு தடவைக்கு மேல கேட்டதே இல்ல."

டெனிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் தேர்தல் நடத்தறவ கண்ணு. கூட்டத்துல ஒருத்தர் பேரை நான் சொல்லக் கூடாது."

"பேரைச் சொல்ல வேண்டாம். சபையைக் கேப்பீங்கல்ல, வேற பேரு உண்டான்னு? அதை மூணு தடவை கேளுங்க. நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு. அவ்வளவுதான்."

"மூணாவது தடவையும் எழுந்திருக்கலேன்னா?"

"எழுந்திருக்கலேன்னா அவளுக்கு நிஜமாவே வேண்டாம்" என்றேன். மணி அடித்தார்கள், டெனிஸ் மேடைப் பக்கம் போய்விட்டார்.

நான் உறுப்பினர் இல்லை. சுவரோரம் விருந்தினர் நாற்காலி. அங்கிருந்து மார்லிஸ் பக்கவாட்டில் தெரிந்தாள். கணக்கு, அறிக்கை, அதற்குத் திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் டெனிஸ் மேடைக்கு வந்து கர்ட் லிண்டாலின் பெயரைப் படித்தார். கை தட்டினார்கள். மார்லிஸும் தட்டினாள்.

"தலைவர் பதவிக்குச் சபையிலிருந்து வேற பேரு உண்டா?" என்றார் டெனிஸ்.

மார்லிஸ் தன் காலணியைப் பார்த்தாள். ஒருவரும் அசையவில்லை. டெனிஸ் கையிலிருந்த தாளைப் புரட்டினார். சரி, முடித்துவிடப் போகிறார், நான் சொன்னது அவர் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்தேன். அவர் தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"மறுபடி கேக்கறேன். வேற பேரு உண்டா?"

மார்லிஸ் நிமிர்ந்தாள். கை பதக்கத்துக்குப் போனது, அங்கேயே நின்றது. அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதால் சிலர் பையை எடுக்க ஆரம்பித்தார்கள். டெனிஸ் அவசரப்படவில்லை. மைக்கை விட்டு ஒரு அடி முன்னால் வந்து, வீட்டுக்கு வந்தவரைக் கேட்கிற குரலில் கேட்டார்.

"இன்னொரு தடவை கேக்கறேன். இங்க இருக்கற யாருக்காவது இந்தப் பொறுப்பு வேணுமா?"

நாற்காலி தரையில் உரசுகிற சத்தம். மார்லிஸ் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் இடித்து முன் நாற்காலியில் தொங்கிய யாருடைய பையோ கீழே விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்துக்கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி நிமிர்ந்தாள்.

"மார்லிஸ் தோர்ஸ்டட், நோர்பி" என்றாள். "என் பேரைச் சேர்த்துக்குங்க."

வழிமொழிய ஒருத்தர் வேண்டும். வடக்கு ஓரத்து ஊர்க்காரி ஒருத்தி பின்னாலிருந்து, கேள்வி முடிவதற்குள்ளேயே, "நான் வழிமொழியறேன்" என்றாள். இத்தனை நாள் எங்கே இருந்தாளோ.

வேட்பாளர் பேச வேண்டும் என்று கர்ட்டைப் பேசச் சொன்னார்கள். நன்றாகவே பேசினார். அப்புறம் மார்லிஸ். கையில் குறிப்பு ஒன்றும் இல்லை.

"டெனிஸ் என்னை ஜனவரியிலேயே கேட்டாங்க. நான் வேண்டாம்னு சொன்னேன். எங்க பக்கத்துல அப்படித்தான் சொல்லுவோம். அது நிஜம் இல்லேன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். டெனிஸுக்குத் தெரியாது. தப்பு என்னுது." அறையின் ஒரு பாதி சிரித்தது. எங்களைப்போல வடக்கிலிருந்து வந்த பாதி. "எங்க டாக்டர் செப்டம்பர்ல போறார். அதுக்கப்புறம் எங்க ஊர்ல ஒரு பெரியவர், கட்டில்ல படுத்தா மூச்சு முட்டுதுன்னு என்கிட்ட சொன்னா, நான் கேட்டுக்கலாம். மருந்து எழுத முடியாது. அவர் அதைச் சொல்றதுக்கே எவ்வளவு கஷ்டப்பட்டார்னு எனக்குத் தெரியும். சட்டசபையில போய் நான் கேக்கறேன். இல்லேன்னு சொன்னா மறுபடி கேப்பேன். கேக்கறது எனக்கு நல்லா வரும். எனக்காகக் கேட்டுத்தான் பழக்கம் இல்ல." சபையை நேராகப் பார்த்தாள். "எனக்கு இந்தப் பொறுப்பு வேணும்."

அவளை எனக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும். எனக்கு வேணும் என்று அவள் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை இல்லாமல் காப்பியோடு வாங்கிய காகிதக் கைத்துணியால் துடைத்தேன்.

ஜெயித்தாள். ஓட்டில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை என்று டெனிஸ் சொன்னார். கர்ட் வந்து கைகுலுக்கினார். வடக்குக்காரிகள் சுற்றி நின்று ஒருவரும் அவளைப் பாராட்டவில்லை, சாலை எப்படி இருக்கும் என்று மட்டும் பேசினார்கள். அதுதான் அவர்கள் பாராட்டு.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். நான் டெனிஸிடம் பேசியதைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன்.

"சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்துல உன் பழுப்புத் தொப்பி தெரிஞ்சுது" என்றாள் அவள். அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னோடு பேசாமலும் இல்லை.

இரண்டு பக்கமும் அழுக்குப் பனி, அதற்கு நடுவே கறுத்த வயல்கள். வானொலியில் தானிய விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும், "சட்டசபைக் குழு முன்னாடி போறப்போ முன் மேசையில என்ன நடக்குதுன்னும் ஒருத்தர் சொல்லணும்" என்றாள். "மருந்து கிடைக்காதுன்னு ஜனங்ககிட்டச் சொல்லப் போறவ நீதான். நீ என்கூடத் தலைநகரத்துக்கு வர்றியா?"

"நானா?" என்றேன். "சேச்சே, நான் எதுக்குடி. நல்லாப் பேசறவங்களாப் பார்த்துக் கூட்டிட்டுப் போ."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. போக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தட்டை நீட்டினால் எடுக்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். இந்த ஜனங்களை இத்தனை வருஷமாகக் கிண்டல் செய்தவள். மார்லிஸ் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தாள். என் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"நீ வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள் கொஞ்சம் கழித்து.

"எனக்கு அதுக்கு நல்ல உடுப்புகூட இல்ல."

அவள் வானொலியை அணைத்தாள். வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். எல்மருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது இருந்த அதே அவசரமில்லாத குரல்.

"டோரீன், வர்றியா?"

"சரி" என்றேன். "அப்போ வர்றேன்."